நிறையட்டும் என்று விட்ட தட்டு

பெரியக்காவின் விரல்கள் தட்டின் விளிம்பில் குழாய் முனையைச் சாய்த்துப் பழைய ஊட்டநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அடியில் ஒட்டிய செல்கள்மேல் முனை படக் கூடாது. புதிய நீரைச் சுவரோரமாகச் சொட்டுவிட்டாள். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் பெரியக்காதான்.

செல்கள் ஒரு கொத்தனாருடையவை. சுண்ணாம்பு தெறித்து அவருடைய ஒரு கண் வெந்துபோயிருந்தது. நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து நகத்துணுக்கு அளவு எடுத்து, அதிலிருந்த ஸ்டெம் செல்களை இங்கே பெருக்கினார்கள். அவை தம்மைப் போலவே பெருகவும் செய்யும், கருவிழியின் மேல்தோலாக மாறவும் செய்யும். எதைச் செய்வது என்று ஊட்டநீரில் உள்ள புரதங்களும், தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து செல்களும் சேதி சொல்லும். இடம் இருந்தால் 'பெருகு'. நெருக்கியடித்தால் 'போதும், வேலைக்குப் போ'. வேலைக்குப் போன செல் இந்தத் தட்டில் ஸ்டெம் செல்லாகத் திரும்பி வராது.

"நாளைக்குக் கண்ணுல வெச்சிடலாமா, பெரியக்கா?" என்றாள் டாக்டரம்மா.

"ஓரத்துல காலியா இருக்கு டாக்டர். இன்னும் ஒரு நாள் விடுங்க, நெறஞ்சிடும்."

"ஊட்டி ஊட்டிக் குண்டாக்கப் போறாங்க!" என்று பக்கத்து மேசைக்காரி சிரித்தாள்.

நெருக்கினால் வேலைக்குப் போய்விடும் என்ற விதி பெரியக்காவுக்குத் தெரியும். ஆனாலும் ஓரம் காலியான தட்டு, அரைவயிற்றோடு படுத்த பிள்ளையாகத் தெரிந்தது.

ஒரு நாள் கழித்துத் தட்டு விளிம்புவரை நிறைந்திருந்தது. துளி எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்த்தார்கள். ஸ்டெம் செல்கள் இங்கொன்றும் அங்கொன்றும்தான்; மற்றவை வேலைக்குப் போய்விட்டன. இதைக் கண்ணில் வைத்தால் சில காலம் தாங்கும், பிறகு உதிரும்.

"யாருக்கும் நடக்கிறதுதான்," என்றாள் டாக்டரம்மா.

"இல்ல டாக்டர். நீங்க கேட்டீங்க, நான்தான் நிறுத்தினேன்."

நல்ல கண்ணில் இன்னொரு முறைதான் கை வைக்கலாம். அதற்குமேல் எடுத்தால் அதுவும் மங்கும்.

மறுநாள் காலை பெரியக்கா வார்டுக்குப் போனாள். கொத்தனாரின் மனைவி எழுந்து நின்றாள். "ஆபரேஷனுக்கா, அக்கா?"

"இல்லம்மா. ஒரு நாள் கூடுதலா வெச்சு நான்தான் கெடுத்துட்டேன். நல்ல கண்ணுல மறுபடி எடுக்கணும். இதுவே கடைசி."

கொத்தனார் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "கலவையைப் போட்டுட்டு வேடிக்கை பாத்தா இறுகிடும்க்கா. இது எங்க சித்தாளுக்குக்கூடத் தெரியும்."

"எனக்கும் தெரியும்," என்றாள் பெரியக்கா.

"சரி, எடுக்கச் சொல்லுங்க."

அவருடைய சக்கர நாற்காலியை வார்டு ஆளிடம் விடாமல் பெரியக்காவே ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.