நனைந்த ஓலை

2005 ஐப்பசியில் செல்வியும் நானும் மயிலம் மலை ஏறினோம். சின்ன மலைதான். பாதி வழியில் மழை பிடித்துக்கொள்ள, படியோரத்துப் பூக்கடையின் ஓலைக் கூரைக்குள் ஒதுங்கினோம். நனைந்த பனையோலையின் புழுங்கிய வாடை மூக்கில் ஏறியதும், மரக்காணத்தில் நாங்கள் வளர்ந்த தெரு கண்முன் வந்துவிட்டது.

அங்கே எல்லா வீட்டிலும் உப்பள வேலைதான். வானம் இருட்டினால் பெரியவர்கள் தட்டுச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார்கள். உப்புக் குவியலை ஓலை போட்டு மூடாவிட்டால் மழையில் கரைந்துவிடும். எங்களுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அப்படி ஓடிப்போய்க் குவியல் மேல் ஓலை விரித்துக்கொண்டிருந்த செல்வியின் அம்மா மேல் இடி விழுந்தது.

சத்தம் கேட்டு நாங்களும் ஓடினோம். வரப்பில் அவளைக் கிடத்தி ஓலையால் மூடியிருந்தார்கள். என் அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு நடந்தாள். "பாக்காதீங்கடி, வாங்க." நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு செல்வி என்னிடம் எல்லாம் பேசியிருக்கிறாள், அந்த நாளைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

தூரத்தில் இடி உருண்டது. செல்வி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அம்மா மேல போட்டிருந்த ஓலைய என்னா பண்ணாங்க தெரியுமாடி?"

"வேணாம் செல்வி."

"அம்மாவ வண்டியில ஏத்துனதும், அத எடுத்து உப்பு மேல போட்டு மூடிட்டாங்க. மழ விடல இல்ல."

"மழ நிக்கட்டும், அப்புறம் ஏறலாம்" என்றேன்.

அதற்குள் அவள் வெளியே போய், நனைந்துகொண்டே படியேறத் தொடங்கியிருந்தாள்.