புளி போட்டுத் துலக்கிய இரும்புத் தூள்

மலாயாவில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது எனக்குத் தற்காலிக வேலை. பள்ளிக்கூடங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர், ஒரு வெள்ளைக்காரத் துரை, வந்து நான் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் என்னை ஊருக்குக் கப்பலேற்றிவிடுவது என்று அண்ணன் முடிவு கட்டியிருந்தார். ஊரில் மாப்பிள்ளைகூடத் தயாராம். என்னை யாரும் கேட்கவில்லை.

காந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டேன். காந்தத்தின் மேல் அட்டையை வைத்து, இரும்புத் தூளைத் தூவி, விரலால் தட்டினால், காந்தவிசை போகும் வழியெல்லாம் தூள் கோடு கோடாக நிற்கும். ரயில்வே பட்டறையில் வேலை செய்த அண்ணன் ஒரு டப்பா தூள் கொண்டுவந்தார். ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. "கொஞ்சம் கழுவி வைங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அன்று வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி என்று குத்துவிளக்கைத் துலக்க அண்ணி புளி கரைத்து வைத்திருந்தார். விளக்குக்கு நடந்த அதே மரியாதை என் தூளுக்கும் நடந்தது. அலசி, ஈரத்தோடு தட்டில் பரப்பி வைத்துவிட்டார். காலையில் பார்த்தால் செங்கல் நிறத்தில் ஓர் அடை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "இது என்ன விளக்கா அண்ணி, புளி போட்டுத் தேய்க்க?" என்று கத்தினேன்.

அண்ணியின் முகம் வெளிறிவிட்டது. "பளபளன்னு இருக்கட்டும்னுதான்மா செஞ்சேன். வேணும்னே செஞ்சேன்னு நெனச்சிடாத."

நினைத்தேன்தான். நாத்தனார் தொலையட்டும் என்று எந்த அண்ணிக்குத்தான் தோன்றாது?

அடையை அம்மியில் நுணுக்கினேன். காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அந்தப் பொடிக்குள் துழாவினேன். துருப்பொடி பெரும்பாலும் அம்மியிலேயே கிடந்தது. பிழைத்திருந்த இரும்பு காகிதத்தில் வந்து ஒட்டியது. தேறியது ஒரு கைப்பிடிகூட இல்லை.

வகுப்பில் துரை பிள்ளைகளோடு பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். தூளைத் தூவி அட்டையைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தட்டு. தூள் சிலிர்த்துக்கொண்டு, காந்தத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வளைவு வளைவாக அணிவகுத்தது.

"ஐ! டீச்சர், தானா நகருது!" பிள்ளைகள் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். துரையும் எழுந்து வந்து, தாமே ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "பாகூஸ், பாகூஸ்" என்று மலாயில் மெச்சினார். வேலை உறுதி என்று தலைமையாசிரியையிடம் அப்போதே சொல்லிவிட்டுப் போனார். அப்பாடா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

"கப்பல் உண்டா, இல்லியா? மொதல்ல அதச் சொல்லு."

"இல்ல அண்ணி. வேல நெலச்சிடுச்சு."

அப்படியே படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "நீயும் போயிட்டா இந்தக் குவார்ட்டர்ஸ்ல நான் யாரோட பேசுவேன்? உங்கண்ணன் பேசுறவரா?"

அண்ணன் பேசுகிறவர் இல்லைதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன், அவ்வளவு நிம்மதி.