குழுக்காரிகள் கேட்ட பேச்சு

அன்றைக்கு அந்தக் காலேஜ் ஹாலில் எங்கள் ஊர்க்காரர்கள் ஆறு பேர். மேடையில் என் மகள். கீழே நான், என்னோடு ஒரே குழுவில் லோன் எடுத்த நாலு பெண்கள். வீட்டுக்காரர் வரவில்லை. அம்பூரி மலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர் சரிவில் வழுக்கி விழுந்து, இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடந்தார்.

குழு லோன் என்றால் ஒருத்திக்கு மற்றவர்கள் ஜாமீன். நான் கட்டாவிட்டால் அவர்கள் கையிலிருந்து போகும். அதனால் தவணை தவறினவள் வீட்டு முற்றத்தில் போய், பணம் வரும்வரை உட்கார்ந்துவிடுவார்கள். என் முற்றத்திலும் ஒருநாள் இருந்தார்கள். சாயங்காலம்வரை கெஞ்சினேன். அவர் எழுந்து வேலைக்குப் போகும்வரை பொறுக்கிறோம் என்றார்கள். ஆனாலும் எனக்கு உறக்கம் இல்லை. எப்போது மனசு மாறுவார்களோ, யார் என்ன சொல்லிக் கொடுப்பார்களோ. இப்படி ஒரு மகள் இருக்கிறாள், எப்படியும் கரையேறிவிடுவோம் என்று காட்டத்தான் அவர்களை நானே பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். எட்டாம் கிளாசோடு படிப்பை நிறுத்தின என் புத்தி.

நாட்டில் நடக்கிற ஒரு காரியத்தைச் சொல்லி, அது நியாயமா இல்லையா என்று பிள்ளைகளை வாதாட விடுகிற போட்டி அது. எந்தப் பக்கம் பேசுவது என்பதற்குச் சீட்டு எடுக்க வேண்டும். நடுவர் விஷயத்தை வாசித்தார்: குழு லோனில் தவணை தவறினவள் வீட்டில் போய் உட்காருவது நியாயமா? மகளுக்கு விழுந்த சீட்டு, நியாயம்.

மலையாளத்தில் பேசினாள்; எல்லையோரத்து ஆட்களான எங்களுக்கும் அது புரியும். என் பக்கம் பார்க்கவே இல்லை. உட்கார வருகிறவளும் அன்றைய கூலியை விட்டுத்தான் வருகிறாள் என்றாள். காதில் கிடந்ததை அடகு வைத்து அடுத்தவள் தவணையைக் கட்டியிருக்கிறாள் என்றாள். எல்லாம் அன்றைக்கு முற்றத்தில் அவர்களுக்குப் பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தபோது அவள் கேட்டவை.

"இரக்கம் காட்டச் சொல்லுகிறவர்கள், அந்த இரக்கத்துக்கு யார் காசு கொடுப்பது என்று மட்டும் சொல்லவில்லை" என்று முடித்தாள்.

ஹால் கைதட்டியது. என் பக்கத்தில் இருந்த நாலு பேரும் தட்டினார்கள். முதல் பரிசு.

வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். "அம்மா, சீட்டில வந்த பக்கமாக்கும். என் மனசு அது இல்ல."

நாலு பேரில் குழுத்தலைவியான அக்கா அவள் தலையைத் தடவிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"உன் பிள்ளைக்குத் தெரிஞ்ச நியாயம் உனக்குத் தெரியல்லியே மக்கா. திங்கக்கிழமை வாறோம்."

வந்தார்கள். ஆட்டை விற்றுக் கொடுத்தேன். போதவில்லை. மகள் உள்ளே போய்ப் பரிசுப் பணம் ஆயிரத்தைக் கவரோடு எடுத்துவந்து நீட்டினாள். வேண்டாம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. அக்கா எண்ணிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இன்னும் ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய் பாக்கி உண்டு.