பாம்பு பிடிக்கத் தெரிந்தவருக்கு முன்னுரிமை

போன வருடம் மழைக்காலம். வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். டிப்ளமோ இல்லாதவர் இனி மெக்கானிக் இல்லை என்று திடீரென ஒரு விதி போட்டார்கள். என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, 'ஹெல்பர்' என்று அச்சடித்த வேறு அட்டையைக் கொடுத்தார்கள். அதை மேசை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சண்டை போடவில்லை.

அதன் பிறகு எங்கே போனாலும் சர்டிபிகேட் கேட்டார்கள். பழைய மெஷின் விற்கும் கடையில் துரு தேய்க்கும் வேலைதான் கிடைத்தது. வீடு மனைவியின் சம்பளத்தில் ஓடியது. அவர் வேறு கம்பெனியில், தைத்த பனியனில் குறை பார்க்கும் செக்கிங் வேலை.

ஒரு சாயங்காலம் மனைவி போனில் வந்த வேலை விளம்பரத்தைச் சத்தமாகப் படித்தார். மெயின்டனன்ஸ் எக்ஸிகியூட்டிவ் தேவை. டிப்ளமோ கட்டாயம். ஓவர்லாக் மெஷின், ஜெனரேட்டர், கேன்டீன் கிரைண்டர் எல்லாம் சரி செய்ய வேண்டும். இந்தி பேச வேண்டும். டெய்லர்களிடம் கோபப்படக் கூடாது. அதிகம் பேசாதவராக இருக்க வேண்டும். பாம்பு பிடிக்கத் தெரிந்தவருக்கு முன்னுரிமை.

"மெக்கானிக் தேடறாங்களா, மாப்பிள்ளை தேடறாங்களா?" என்று சிரித்தார். கீழே கம்பெனி பெயரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஏனுங்க, இது நீங்கதானுங்க."

உண்மைதான். நான் விட்டுவந்த அதே கம்பெனி. அங்கே குடோனில் சாரைப்பாம்பு புகுந்தால் சாக்கில் பிடித்துக் கொண்டுபோய் விடுவது நான்தான். போகமாட்டேன் என்றேன்.

"பேரு ஒண்ணுதான் போடல. போயிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் போனேன். வராந்தாவில் டிப்ளமோ முடித்த பையன்கள் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார்கள். "அண்ணா, பாம்புக்கு எந்த காலேஜுங்க?" என்றான் ஒருவன். நானும் சிரித்தேன்.

உள்ளே ஆள் எடுக்கும் பெண் புதியவர். நான் போன பிறகு சேர்ந்தவர். டிப்ளமோ கேட்டார். இல்லை என்றேன்.

"அப்புறம் எதுக்குங்க வந்தீங்க?"

"மத்ததெல்லாம் தெரியுங்க."

ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். கடைசியில், "பாம்பு?" என்றார்.

"சாரைன்னா புடிப்பனுங்க. நாகம்னா ஆளக் கூப்புடுவனுங்க."

சிரித்துவிட்டு, "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்.

"இங்கதானுங்க. இதே கம்பெனில."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மெக்கானிக்குக்கு என்ன வேலை என்று அவருக்குத் தெரியவில்லையாம். செக்ஷன் செக்ஷனாகப் போய்க் கேட்டிருக்கிறார். போனவர் இதைச் செய்வார், அதைச் செய்வார் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல, எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிட்டார்.

அவரே போய் முதலாளியைக் கூட்டிவந்தார்.

"ஏப்பா, சொல்லாம கொள்ளாமப் போயிட்டியே" என்றார் முதலாளி.

"வர்றனுங்க. ஹெல்பரா வரமாட்டனுங்க."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "டிப்ளமோவை எடுத்துரலாங்க சார். அதை மட்டுந்தான் எந்த செக்ஷனும் கேக்கல" என்றார் அந்தப் பெண். முதலாளி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எடுத்துரும்மா" என்றார்.

தையல் ஹாலுக்குள் நுழைந்தேன். மெஷின் சத்தம் வரிசை வரிசையாக நின்றது. "அண்ணா, எம்மெஷின மொதல்ல பாருங்க, நூல் அத்துட்டே இருக்குது" என்றார் ஒரு டெய்லர். "அவளுக்கு முன்னால எனக்குங்ண்ணா, நான் சாமிக்கே வேண்டிக்கிட்டேன்" என்றார் இன்னொருவர். ஹாலே சிரித்தது. நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது சட்டையில் 'மெக்கானிக்' அட்டை இருந்தது. கழற்றாமலே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஊரில் ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் 'ஆட்கள் தேவை' போர்டு தொங்குகிறது. முன்பு பார்க்காமலே தாண்டிப் போவேன். இப்போது நின்று ஓர் எழுத்து விடாமல் படிக்கிறேன்; அந்த வேலையை விட்டுப் போன ஆள் எங்கோ இருப்பார், இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்ட வேண்டுமே என்று தோன்றுகிறது.