பதினோராம் நாளே அள்ளிய சுண்ணாம்பு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு நிச்சயதார்த்தம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதத்தான் ஆசை.

புதுக்கோட்டையில் எங்களுடையது பழைய சுண்ணாம்புக் கட்டு வீடு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஹாலுக்கு சிமெண்ட் பூசினேன். பளபளவென்று இருந்தது. இரண்டே மழைக்காலம்... சுவரில் இருந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல், பூச்சு அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு விழுந்தது. பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் ஒத்துக்கொள்ளும் என்றார்கள். முருகேசனைக் கூப்பிட்டேன்.

நாற்பது வயசுக் கொத்தனார். சிமெண்ட் வேலையை விட்டுச் சுண்ணாம்பு வேலைக்கு மாறி இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஒருவர் சொல்லித்தான் அடுத்த வேலை வரும். நானும் சொல்லியிருந்தேன் — என் மச்சினன் குமாரிடம். சவுதியில் இருந்து திரும்பி, அறந்தாங்கி வீட்டைப் புதுப்பிக்கப் போகிறான். "ஒங்க ஹாலைப் பாத்துட்டுச் சொல்றேன் அத்தான்" என்றான். முருகேசனுக்கு அது ஆறு மாத வேலை.

கொல்லையில் இரண்டு பிளாஸ்டிக் டிரம். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் கொட்டினார் முருகேசன். கொதித்துப் பொங்கி அடங்கியது. சல்லடையில் வடிகட்டி, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கிற மாதிரி மூடி வைத்தார்.

"முப்பது நாளைக்கு யாரும் தொறக்க வேணாம் சார். கையில எடுத்தா வெண்ணெய் கணக்கா இருக்கணும். அப்பத்தான் சுவத்துல நல்லாப் பிடிக்கும்."

தலையாட்டினேன். பத்தாம் நாள் சம்பந்தி வீட்டிலிருந்து போன். பையனுக்கு லீவு பிரச்சினையாம், நிச்சயத்தை முன்னாடியே வைத்துக்கொள்ளலாமா? "தாராளமா" என்றேன். இன்னும் மூன்றே வாரம்!

மறுநாள் டிரம்மைத் திறந்து பார்த்தேன். வெண்ணெய் மாதிரிதான் இருந்தது. அவசரத்தில் இருப்பவன் கண்ணுக்கு எதுதான் வெண்ணெயாகத் தெரியாது?

இப்போதே எடுத்துப் பூசச் சொன்னேன். முருகேசன் முடியவே முடியாது என்றார். "இன்னும் தண்ணி குடிச்சு நீறாத பொடி உள்ள கெடக்கும் சார். கண்ணுக்குத் தெரியாது. சுவத்துக்குப் போன பொறவு மெள்ள ஈரத்தை இழுத்து உப்பும். பூச்சைப் பேத்துக்கிட்டு வெளிய வந்துரும்."

"உங்களால முடியலைன்னா சொல்லுங்க... வேற ஆள் பார்த்துக்கிறேன்."

சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. டிரம் மூடியைத் தள்ளி வைத்தார். "ஒங்க இஷ்டம் சார்" என்று பூச்சுக் கரணையை எடுத்தார்.

நிச்சயத்தன்று காலை எழுந்து பார்க்கிறேன் — சுவர் முழுக்க அம்மை போட்ட மாதிரி குழி குழியாக இருக்கிறது. சோபாவில் வெள்ளைத் தூள். என் மனைவி துடைக்கத் துடைக்க, இன்னொரு இடத்தில் பொட்டென்று ஒரு சில்லு விழுகிறது. கடவுளே!

குமார் வந்தான். பார்த்தான். "என்ன அத்தான், இந்தாளையா எனக்குச் சொன்னீங்க?" என்றான், கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி.

முருகேசன் நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார், புதுச் சட்டை போட்டு, சம்சாரத்தோடு. என்னைப் பார்த்தார். 'நான்தான் அவசரப்படுத்தினேன்' — இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பக்கத்தில் சம்பந்தி இருந்தார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்ப்பா, வா, காபி சாப்பிடு" என்றேன்.

முருகேசனும் அவர் சம்சாரமும் சாப்பிடாமலே போய்விட்டார்கள்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊருக்கு உபதேசம் செய்கிற ஆள் நான். வெட்கமாக இருக்கிறது. தோசை மாவு புளிக்க ஒரு ராத்திரி விடுகிறோம். ஊறுகாய் ஊற நாள் கொடுக்கிறோம். மாவிடம் யாராவது சண்டை போடுகிறோமா? ஒரு மனிதர் நடுவில் நின்றால் மட்டும் பொறுமை போய்விடுகிறது. சுண்ணாம்பை விரட்ட முடியாது. அதனால் கொத்தனாரை விரட்டுகிறோம்.

திங்கட்கிழமை பஸ் ஏறி அறந்தாங்கி போனேன். இது போனில் சொல்கிற சமாச்சாரம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன், வேற ஆள் பார்ப்பேன் என்று மிரட்டியது உட்பட.

"இதை நேத்து அவரு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல அத்தான்?" என்றான் குமார்.

அங்கேயே முருகேசனுக்குப் போன் போட்டான், ஸ்பீக்கரில். "அண்ணே, அத்தான் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. தப்பு எங்க மேலதான். எங்க வீட்டு வேலைக்கு வாரீங்களா?"

"வாரேங்க. ஒண்ணே ஒண்ணுதான்..." என்றார் முருகேசன்.

"சொல்லுங்கண்ணே."

"வேலை முடியிற வரைக்கும் சார் அங்கிட்டு வரக் கூடாதுங்க."

குமார் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நியாயம்தான் முருகேசன்" என்று நானே குனிந்து போனில் சொன்னேன்.

என் ஹால் சுவரை எப்போது சரி செய்வீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. சத்தியமாகக் கேட்கவில்லை.