தோட்டா கிடைக்காத துவக்குகள்

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் எங்கள் ஆட்களின் ஆசைகளுக்குக் குறைவில்லை. ஒருவர் கடன் பட்டு வீடு வாங்குவார். இன்னொருவர் மகளின் சாமத்தியச் சடங்குக்குக் குதிரை வண்டி பிடிப்பார். என் அத்தான் றெக்ஸ் துவக்கு வாங்கினார். வேட்டைத் துவக்கு. அதிலும் யாராலும் சுட முடியாத துவக்கு. என் அக்கா மக்டலீனை அவர் கட்டிய நாளிலிருந்து எனக்கு அவரைத் தெரியும். தங்கமான மனிதர். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

எல்லாம் லோமானால் வந்த வினை. அத்தான் வேலை செய்த குழாய்க் கிடங்கில் லோமான்தான் அவருக்குக் கூட்டாளி. பரம்பரை வேட்டைக்காரன். இலையுதிர் காலத்தில் பன்றி கலைக்க ஆள் போதவில்லை என்று ஒருநாள் அத்தானைக் கூட்டிக்கொண்டு போனான். அத்தான் செம்மஞ்சள் அங்கியைப் போட்டுக்கொண்டு, தடியால் மரத்தைத் தட்டித் தட்டிப் பற்றைக்குள்ளே நடந்தார். வந்தவர் தானும் வேட்டைக்காரனாகப் போவதாகச் சொன்னார். அந்தப் பரீட்சை லேசுப்பட்டதல்ல. மரத்தின் பெயர், குருவியின் சத்தம், நாய்க்கு வரும் நோய் வருத்தம் என்று எல்லாவற்றையும் டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், கேட்பார்கள். இரண்டு தரம் கோட்டை விட்டார். நாங்கள் சிரித்தோம். மூன்றாம் தரம் பாஸ் பண்ணிவிட்டு வந்து எங்களுக்கே விருந்து வைத்தார்.

அனுமதி கிடைத்த முதல் வருடமே ஒரு பன்றி நேரே அவர் முன்னால் வந்து நின்றதாம். அது இவரைப் பார்த்ததாம், இவர் அதைப் பார்த்தாராம். பிறகு அது தன் பாட்டில் போய்விட்டது. ஏன் சுடவில்லை என்று லோமான் கேட்டதற்கு, "வடிவாயிருந்தது" என்றாராம். அதற்குப் பிறகு அவர் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் அந்த அனுமதி கையில் இருந்தால் துவக்கு வாங்கலாம். பைத்தியம் அங்கேதான் பிடித்தது.

கடையில் புதிதாக இருப்பதை அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். "அது கரண்டி மாதிரி மச்சான். எல்லார் வீட்டிலையும் ஒண்டுதான்" என்பார். வேறு யாரிடமும் இல்லாதது வேண்டும் அவருக்கு. மேலே இரண்டு, கீழே ஒன்று என்று மூன்று குழல் வைத்தது. குழல் மடியாமல் பக்கவாட்டில் விலகித் திறக்கிறது. இதற்காக ஏலம் ஏலமாக அலைவார். கடைசியாக வாங்கியதுதான் எல்லாவற்றிலும் விசித்திரம். தோளில் வைக்கிற மரப் பிடங்கு, நேராக இல்லாமல் கழுத்தைச் சரித்ததுபோல ஒரு பக்கம் வளைந்திருக்கும். யாரோ தவறி மிதித்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

"வலக்கண் போன ஒருத்தன் சொல்லிச் செய்விச்சது" என்றார் அத்தான். "வலத் தோளிலை வைச்சு இடக்கண்ணாலை பார்க்கலாம். அளந்து தைச்ச சட்டை மாதிரி. உலகத்திலை அந்த ஒரு மனுசனுக்குத்தான் இது சரிவரும்."

அதை அவர் தோளில் வைத்துப் பார்க்கும்போது முகம் குழந்தைப்பிள்ளையின் முகம்போல ஆகிவிடும். நூறு வருடத்துக்கு முந்திச் செத்துப்போன ஒற்றைக்கண்ணன் ஒருவனோடு இவருக்கு என்ன உறவோ தெரியாது. அதற்குரிய தோட்டாவை இப்போது எவரும் செய்வதில்லை. அவர் வைத்திருந்த எல்லாத் துவக்குக்கும் அதே கதைதான்.

"தோட்டா இல்லாத துவக்கு எதுக்கு அத்தான்?" என்று ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"தோட்டா உள்ளதை ஊரிலை கனக்கப் பார்த்தாச்சு" என்றார்.

அக்காவுக்கு அந்தத் துவக்குகளைக் கண்ணில் காட்டக்கூடாது. அவளுடைய சீலை அலுமாரி நிற்க வேண்டிய மூலையில் இரும்பு அலுமாரி ஒன்று நின்றது, எண்களை அமத்தித் திறக்கிறது. அந்த இலக்கம் அனுமதி உள்ளவருக்கு மட்டும்தான் தெரியலாம் என்பது சட்டம். பெண்சாதிக்கும் சொல்லக்கூடாது. "என்ரை படுக்கையறையிலை எனக்குத் தெரியாத ஒரு கதவு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முறைப்பாடு வைப்பாள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அத்தான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு எண்ணெய் போட்டுத் துடைப்பார். அக்கா குசினியில் சட்டியைத் தேவைக்கு மேலே சத்தமாக வைப்பாள்.

போன மாரியில் அத்தானுக்குப் பாரிசவாதம் அடித்தது. வலக்கை போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. டொச் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. தமிழ் எங்கேயோ ஆழத்தில் கிடந்தது, மேலே வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் அப்பிள் படம் காட்டினாள், கோப்பைப் படம் காட்டினாள். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் முழுக்க வாய் மூடாமல் கதைத்த மனிதர் அவர்.

அதோடு அனுமதியும் போனது. தகுதியுள்ள யாரிடமாவது துவக்குகளை ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆனி முடிவில் தாங்கள் வந்து அலுமாரியை உடைத்து எடுத்து அழித்துவிடுவோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஒன்றுக்கும் தோட்டாவே கிடையாது என்று நான் மன்றாடிப் பார்த்தேன். சட்டம் தோட்டாவைப் பற்றிக் கேட்பதில்லை என்றார் அந்த அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார். எல்லாவற்றையும் தானே பொறுப்பெடுப்பதாக லோமான் முன்வந்தான். ஆனால் திறக்கும் இலக்கம் அத்தானின் தலைக்குள் இருந்தது.

சனிக்கிழமைகளில் லோமான் வருவான். அத்தானை அலுமாரிக்கு முன்னால் கதிரையில் இருத்துவோம். "இலக்கம் என்னப்பா?" என்று அக்கா கேட்பாள். இரண்டாம் சனிக்கிழமை அவர் வாய் திறந்தார்.

"ஏழும் நாற்பதும். மூண்டும் அறுபதும். எட்டும் இருபதும்."

அக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். மாதக்கணக்கில் கேட்காத குரல் அது. நான் அதை ஏழு, நான்கு, மூன்று, ஆறு, எட்டு, இரண்டு என்று டொச்சில் சொல்ல, லோமான் அமத்தினான். திறக்கவில்லை. பூச்சியங்களைச் சேர்த்துப் பார்த்தோம், சோடிகளை இடம் மாற்றிப் பார்த்தோம். மூன்று தரம் பிழைத்தால் பூட்டு கொஞ்ச நேரம் கோபித்துக்கொண்டு நிற்கும். அந்த இடைவெளியில் அத்தான் தானாகக் கதைக்கத் தொடங்கினார். "குழல்" என்றார். "எண்ணெய்" என்றார். அடுத்த கிழமை, "வளைஞ்சது, வளைஞ்சது" என்று தன் தோளைத் தொட்டுக் காட்டினார். பயிற்சிப் பெண் கேட்டுவிட்டு, இதை விடாதீர்கள், இந்த வழியாகத்தான் மற்றச் சொற்களும் வரும் என்றாள். அந்த அலுமாரியை அக்கா முதல் முறையாகத் துடைத்து வைத்தாள்.

வைகாசி முடிகிற நேரம் ஒரு சனிக்கிழமை. வழக்கம்போலப் பூட்டுத் திறக்காமல் லோமான் போய்விட்டான். எனக்குப் பொறுமை போய், "இந்த மனுசன் வேணுமெண்டு பிழையாச் சொல்லுறாரோ?" என்றேன். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அக்கா திரும்பவில்லை.

"சரியாத்தான் சொல்லுறார் தம்பி. எனக்குப் போன மாசமே விளங்கிட்டுது."

அவள் பாணும் கேக்கும் விற்கிற வெதுப்பகக் கடையில் நின்று நாள் முழுக்க விலை சொல்லுகிறவள். டொச்சில் நாற்பத்தேழை ஏழும் நாற்பதும் என்றுதான் சொல்ல வேண்டும். அத்தான் இலக்கத்தை டொச்சில் மனதில் வைத்து, தமிழில் அதே ஒழுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பத்தேழு, அறுபத்துமூன்று, இருபத்தெட்டு. இந்த நாட்டில் இத்தனை வருடம் குப்பை கொட்டிய எனக்கு அது ஓடவில்லை.

"பிறகேன் அக்கா பேசாமல் இருந்தனீ?"

"திறந்தால் கொண்டு போயிடுவினம். பிறகு அவர் எதைப் பார்த்துக் கதைப்பார்? என்னைப் பார்த்தும் வரேல்லை, பிள்ளையளைப் பார்த்தும் வரேல்லை. அந்த இரும்பைப் பார்த்துத்தானே வருது." அவள் அழவில்லை. கோப்பையை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்தாள். "எல்லாம் அழிஞ்சு போகட்டுமெண்டு எத்தினை நாள் நேந்தனான். இப்ப பார்."

இலக்கத்தைச் சொன்னாலும் துவக்குகள் போகும், சொல்லாவிட்டாலும் போகும். சொன்னால் லோமானிடம், சொல்லாவிட்டால் உலைக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனியின் சனிக்கிழமைகளையும் அவள் இலக்கத்தைச் சொல்லாமலே ஒவ்வொன்றாகக் கடத்தினாள். லோமானுக்கு ஒன்றும் தெரியாது. அவன் பாவம், விடாமல் வந்து அமத்திக்கொண்டிருந்தான். அத்தான் அதற்குள் "தேத்தண்ணி" சொன்னார். ஒருநாள் "மக்டா" என்றார்.

கடைசிச் சனிக்கிழமை அக்கா எழுந்து வந்து லோமானுக்குப் பக்கத்தில் நின்று, டொச்சில் மூன்று எண்களையும் சொன்னாள். பூட்டுத் திறந்தது.

லோமான் ஒவ்வொன்றாக எடுத்து உறையில் போட்டான். வளைந்த பிடங்குத் துவக்கு வந்ததும் அத்தான் இடக்கையை நீட்டினார். லோமான் என்னைப் பார்த்தான். அனுமதி போன ஆளிடம் கொடுத்தால் அவனுடைய அனுமதியும் போகும், அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். "றெக்ஸ், என்னால் முடியாது" என்று சொல்லிக்கொண்டே அதையும் உறையில் போட்டான். அவனுடைய கண்ணும் நிறைந்திருந்தது.

"பூட்டு" என்றார் அத்தான். தெளிவாக, பழைய குரலில். "மக்டா, பூட்டு."

அவளால் பூட்ட முடியவில்லை. லோமான் கடைசி உறையையும் காருக்குக் கொண்டு போன பிறகுதான் போய்ப் பூட்டினாள்.

அத்தானைத் தன் வீட்டுக்கு எப்போது வேண்டுமென்றாலும் கூட்டி வரலாம் என்று லோமான் சொன்னான். போனோம். மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தான். அத்தான் அவற்றைப் பார்க்கவில்லை, தன் மடியைப் பார்த்தார். இப்போதும் அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் கதிரையை இழுத்துப் போட்டு, "இலக்கம் என்னப்பா?" என்று கேட்கிறாள். அவர் வாய் திறப்பதில்லை.

"வருத்தம் கூடிட்டுதெண்டு டொக்டர் சொல்லுறார்" என்றாள் போன கிழமை என்னிடம். "அதில்லையடா தம்பி. கலியாணம் கட்டின நாளிலையிருந்து எனக்கு மறைச்ச ஒண்டே ஒண்டை எனக்குத் தந்தவர். நான் அதை லோமானுக்குச் சொல்லிப்போட்டன்."