தபால்பெட்டியில் நான் கிழித்த பெயர்

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸில், லா சப்பலில், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு பழைய ஆறுமாடிக் கட்டடத்தில் இருந்தேன். அறைக்கு நாலைந்து பேராக, பெரும்பாலும் நாட்டைவிட்டு வந்து அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள். மாடிக்கு ஒரு கழிப்பறைதான். படிக்கட்டில் வெற்றிலைத் துப்பலும் குப்பையும் கிடக்கும். இப்படியே போனால் எல்லாரையும் வெளியேற்றிவிடுவேன் என்று வீட்டுக்காரர் ஒருநாள் சத்தம்போட்டுவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மாடி அறையில், மெத்தைகளைச் சுருட்டி வைத்துவிட்டுக் கூட்டம் போட்டோம். நாங்களே ஒரு கொமிட்டி அமைத்தோம். துப்பக் கூடாது, சத்தம் கூடாது, முறைவைத்துப் படிக்கட்டுக் கழுவ வேண்டும். "பேரை எழுதி ஒட்டினாத்தான் ஆக்கள் திருந்துவினம்" என்றார் ஒருவர். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. முறை தவறியவர்களின் பெயரை எழுதி வாசலில் ஒட்டுவேன். இரண்டே வாரத்தில் படிக்கட்டு பளிச்சென்று ஆனது. வீட்டுக்காரரே கைகுலுக்கினார். எனக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் மாடியில் ஒரு சின்ன அறையில் ஓர் அண்ணை தனியாக இருந்தார். உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவர் மட்டும் தன் முறைக்கு வரவில்லை. பெயரை ஒட்டினேன். மறுமுறையும் வரவில்லை. மூன்றாம் முறை கொமிட்டி கூடி, வாசலில் எல்லாருடைய பெயரும் ஒட்டியிருந்த பொதுத் தபால்பெட்டியில் இருந்து அவர் பெயரை எடுத்துவிடுவதென்று முடிவெடுத்தது. பெயர் இல்லையென்றால் தானே இறங்கி வந்து கேட்பார் என்று நினைத்தோம். நான்தான் நகத்தால் சுரண்டி அந்தத் துண்டுக் காகிதத்தைக் கிழித்தேன். பெட்டிச் சாவியை வைத்திருந்து கடிதங்களை நானே எடுத்துக் கொடுத்ததால் அவர் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. வழக்கம்போல என்னிடம், "தம்பி, எனக்குக் கடிதம் ஏதும் வந்ததோ?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்பேன். அது பொய்யில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, முதல் மாடியில் இருந்த புதுச்சேரிக்காரர் என்னை நிறுத்தினார். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர்.

"என்ன தம்பி, அஞ்சாம் மாடிக்காரர் காலி பண்ணிட்டாரா? பதிவுத் தபால் வந்துச்சு. பெட்டியில பேர் இல்லைன்னு தபால்காரர் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாரே!"

அகதி அலுவலகத்தின் விசாரணைக்கான அழைப்பு பதிவுத் தபாலில்தான் வரும்.

ஐந்தாம் மாடிக்கு அன்றுதான் முதன்முறையாக ஏறினேன். கதவைத் திறந்தவரின் இடது கை முழங்கைவரை துணியால் சுற்றியிருந்தது. கொதிக்கும் எண்ணெய் கொட்டியிருந்தது. மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டி, நீளக்கைச் சட்டையால் மறைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் வேலை செய்திருக்கிறார். அந்தக் கையோடு வாளி தூக்க அவரால் முடியாது.

"ஏன் அண்ணை ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"இந்தக் கட்டடத்திலை மூண்டு பேர் என்னோடைதான் வேலை செய்யினம். முதலாளியின்ரை காதுக்குப் போனா வேலையாலை நிப்பாட்டிப் போடுவான். நீங்களும் ஒருத்தரும் வந்து கேக்கேல்லைத்தானே தம்பி."

பெயரைக் கிழித்ததையும் தபால் திரும்பிப் போனதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "ஓம்" என்றார். பிறகு, "எட்டு மாசமா அதுக்குத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார்.

மறுநாள் புதுச்சேரிக்காரர் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதித் தந்தார். அந்தப் பெயரைக் கிழித்தது நான்தான் என்று அதில் கையெழுத்துப் போட்டேன். மூவருமாக அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்தோம். புதிய தேதி வர ஐந்து மாதம் ஆனது. அதற்குள் அவருடைய தற்காலிக வதிவிடப் பத்திரம் காலாவதியாகிவிட்டது. மெட்ரோவில் பொலிஸ் மறித்தால் என்ன செய்வது என்ற பயத்தில், ஒன்றேகால் மணி நேரம் நடந்தே வேலைக்குப் போனார். வேலையில்லாத நாட்களில் நானும் கூட நடப்பேன். வேண்டாம் என்று சொல்லமாட்டார், பேசவும்மாட்டார். கடைசியில் அவருக்கு அகதி அட்டை கிடைத்தது. சில வாரங்களில் வேறிடம் போய்விட்டார்.

கொமிட்டியில் நடந்ததைச் சொன்னபோது, "சட்டம் எண்டா எல்லாருக்கும் ஒண்டுதானே" என்று ஒருவர் முணுமுணுத்தார். பெயர் ஒட்டுவதை நான் அன்றோடு விட்டேன். படிக்கட்டு பிறகு ஒருநாளும் அவ்வளவு பளிச்சென்று இருக்கவில்லை.

நாலுபேர் கூடி வாழும் இடத்தில் ஒழுங்கு வேண்டும் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் யார்மீதாவது குறை சொல்லக் கூட்டம் கூடும்போதெல்லாம், ஐந்தாம் மாடிவரை ஏறிப்போய்க் கதவைத் தட்ட எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது என்ற நினைப்புத்தான் முதலில் வருகிறது.